அத்தை அழுத காட்சி

பழைய டீவி நாடகங்களின் திரைமறைவுச் சங்கதிகளைச் சொல்லும் வீடியோ ஒன்று போன வாரம் என் கைபேசிக்கு வந்தது. சாவு வீட்டில் ஒரு பெண் கதறும் பிரபலமான காட்சியைக் காட்டி, "கொழும்பு மேடை நடிகை, கிளிசரின் இல்லாமலே அழுதார்" என்றார்கள். கிளிசரின் இல்லை என்பது மட்டும் உண்மை. அழுதது என் அத்தை.

பள்ளி விடுமுறையென்றால் எனக்குக் கண்டியில் அத்தை வீடுதான். மாமாவைத் திட்டாமல் அத்தைக்குப் பொழுது விடியாது. புடைவைக் கடையில் வேலை பார்த்த மாமாவோ கல்லுளிமங்கன். அந்தக் காட்சி எடுத்த அன்றும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கலகெதரவில் கடை வேலை இருப்பதாகச் சொல்லி, ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அத்தையும் நானும் ஹந்தானையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு பழைய பங்களாவின் வாசல்வரை வெள்ளைக் கொடி கட்டியிருந்தது.

"கொடியப் பாத்துட்டுத் தாண்டிப் போகக் கூடாதுடி. கொஞ்சம் உக்காந்துட்டுப் போவோம்" என்றாள் அத்தை. செத்தது யாராயிருந்தாலும் சாவு வீட்டைத் தவறவிடும் பழக்கம் அவளுக்கு இல்லை. உள்ளே கேமரா இருந்தது. அதில் என்ன அதிசயம்? வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப எல்லாச் சாவையும்தான் வீடியோ எடுக்கிறார்கள்.

அங்கே படம் பிடித்துக்கொண்டிருந்த டீவி நாடகக்காரர்களோ, கொழும்பிலிருந்து வரவேண்டிய, யாரும் முன்பின் பார்த்திராத ஒரு மேடை நடிகைக்காகக் காத்திருந்தார்களாம். அத்தைதான் அவள் என்று நினைத்து வழிவிட்டுக் கேமராவை ஓடவிட்டார்கள். அத்தை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் பவுடர், மூக்கில் பஞ்சு, மாமா!

"ஐயோ, ரொட்டிய பாதியில வச்சிட்டுப் போனீங்களே! ஒரு நாளாவது என்னைத் திருப்பித் திட்டியிருக்கலாமே! நீங்க இல்லாத வீட்டுக்கு நான் எப்படிங்க போவேன்?"

நானும் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு அலறினேன். கால் சூடாக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தையின் சத்தத்தில் யார் காதில் விழும்?

டைரக்டர் "கட்" என்று கத்தினார். மாமா உடனே எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அவர் கன்னத்துப் பவுடர் நனைந்திருந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் குடையை எடுத்தாள். பிணம் முன்னால் ஓட, அவள் பின்னால் துரத்த, ஹந்தானை முழுக்கச் சிரித்தது. புடைவைக் கடைக்கு வந்த டைரக்டர்தான் பிணமாக நடிக்க மாமாவைக் கூப்பிட்டாராம். பிணமாகப் படுத்தால் ஆகாது என்று அத்தை குதிப்பாளே என்றுதான் கலகெதரப் பொய்.

அந்தக் காட்சியைப் போடவே கூடாது என்று அத்தை சண்டை பிடித்தாள். "போடட்டும்" என்றார் மாமா. அவர் அத்தையை மறுத்துப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். டைட்டிலில் அந்த மேடை நடிகையின் பெயரையே போட்டார்கள். அத்தைக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அதன் பிறகு எவ்வளவு திட்டு விழுந்தாலும் மாமா சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். அத்தை கடைத்தெருவுக்குப் போனதும், வீடியோவில் பதிந்து வைத்திருந்த அந்தக் காட்சியைப் போடுவார். சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தன் நடிப்பைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருக்கிறது போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.