கரிச்சானின் நிலை

சேலை முந்தானைக்கு ஒரு மயிலைக் கணினியில் வரைந்துகொண்டிருந்த மதிய வேளையில் ரூத் போன் செய்தாள். எஸ்தர் அக்காவின் தங்கை. “அண்ணா, அக்கா பூட்டாங்கண்ணா. டீ குடிச்சுக்கினே பேசிக்கினு இருந்தாங்க. நெஞ்சு அடைக்குதுன்னாங்க. அவ்ளோதாண்ணா.” சாகிற வயதா அது!

வாலாஜாபாத்தில் அடக்கம் முடிந்து காஞ்சிபுரம் திரும்பிய அன்று மாலையே பாபு கூப்பிட்டான். ஜரிகைக் கடையில் வேலை செய்கிறவன், அக்காவும் நானும் செய்த கணினி ஆட்டத்தில் எங்களோடு ஆடுகிறவன். “அண்ணா, ஆட்டத்துல அக்காவைப் பார்த்தா இன்னும் ‘நலம்’னே வருது. பாக்க முடியலண்ணா. ஏதாவது செய்.”

என்ன செய்வது? அதைச் சொல்ல வேண்டுமானால் அக்காவை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே கடையில் பட்டுச் சேலைக்குக் கரை வரைந்தவர்கள். நான் இங்கேயே நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். அவர் தினமும் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவார். இளம்பிள்ளைவாதத்தால் இடது காலில் கம்பி. வேலை கேட்டு வந்த அன்றைக்கே முதலாளி, “மாடிப்படி ஏற முடியுமாம்மா?” என்று இழுத்தார். “ஏறித்தான சார் உங்க முன்னாடி நிக்கிறேன்” என்றார் அக்கா. முதலாளி உடனே வேலை கொடுத்துவிட்டார்.

ஓய்வு நேரத்தில் அக்காவும் நானும் சேர்ந்து, இணையத்தில் ஆடுகிற அந்த ஆட்டத்தைச் செய்தோம். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. ‘வடக்கே போ’ என்று தட்டினால் கோட்டை வாசலைப் பற்றி நாலு வரி வரும். ஓர் ஆளின் பெயரைத் தட்டிப் ‘பார்’ என்றால் அவரைப் பற்றி வரும். அந்த ஆள் எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிற நிஜ மனிதர். அவர் எழுந்து போய்விட்டாலும் அவருடைய பாத்திரம் விட்ட இடத்திலேயே நிற்கும். பத்துப் பேர் ஒன்றாக வந்துவிட்டால் எங்களுக்குத் திருவிழாதான். ஆட்டத்தில் அக்காவின் பெயர் கரிச்சான். பருந்தையே துரத்துகிற குருவியாயிற்றே!

தன் ஆள் எப்படி இருப்பான் என்று அவரவரே எழுதிக்கொள்ளலாம். நான் என்னை, ‘தலை பிளந்து ரத்தம் சொட்டச் சொட்ட நிற்கும் மாவீரன்’ என்று எழுதி வைத்திருந்தேன். பாபு ஆட்டத்தில் வைத்தியன். நிஜத்தில் சோம்பேறி. ‘ரத்தம்’ என்ற சொல் திரையில் வந்தாலே மூலிகை தடவும்படி தன் கணினிக்குச் சொல்லிவைத்துவிட்டான். ஓர் அரக்கனோடு சண்டை. பாபு என்னைப் பார்க்கப் பார்க்க, கீறல்கூடப் படாத என் தலையில் மூலிகை மூலிகையாகக் கொட்டுகிறது! மெய்யாகவே அடிபட்டுக் கிடந்த கரிச்சானுக்கு ஓர் இலைகூட மிச்சமில்லை.

“ஏண்ணா, இவ்ளோ ரத்தம் எழுதி வெச்சிருக்கியே, உனக்கு ஒண்ணுமே ஆவலையா?” என்று எங்கள் கடைக்கே வந்து கத்தினான் பாபு. “என் ரத்தம், என் இஷ்டம்டா” என்றேன் நான். கடை ஊழியர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அக்காதான் தீர்த்துவைத்தார். “தம்பி அப்படி எழுதினது தப்பில்லப்பா. அதை ஆட்டமே சொல்ற மாதிரி நாம காட்டினதுதான் தப்பு.” அன்றே ஒரு கோடு போட்டார். யாரைப் பார்த்தாலும் கோட்டுக்கு மேலே அவர் தன்னைப் பற்றி எழுதியது வரும். கோட்டுக்குக் கீழே ஆட்டம் சொல்கிற நிலை: நலம், காயம், பசி, களைப்பு, மயக்கம். மேலே யாரும் எதையும் எழுதலாம். கீழே வருவதை ஆட்டம்தான் எழுதும்.

அதன் பிறகுதான் அவர் தன்னைப் பற்றி எழுதினார்: ‘இடது காலில் கம்பி மாட்டி நடப்பவள். மெதுவாக வருவாள், வந்துவிடுவாள்.’ அடுத்த வாரம் மலைக்கோட்டைக்குப் புறப்பட்ட கூட்டம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. “நீங்க கீழேயே இருங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்” என்று பாசமாகத்தான் தட்டினான் பாபு.

அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பாபுவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். “கோட்டுக்குக் கீழ என்னா இருக்குது? படி.”

“நலம்னு இருக்குதுக்கா.”

“அப்புறம் என்னா? மேல எழுதினது நான் யாருன்னு. என்னால என்னா முடியும்னு கீழ இருக்குது. மேல படிச்சுட்டுக் கீழ நீங்களே எழுதிக்கிறீங்களேப்பா! ஊர் பூரா என்கிட்ட இதைத்தான் செய்யுது. நாம செஞ்ச ஆட்டத்துலயுமா?”

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மலையேறியவர்களில் முதலில் உச்சியைத் தொட்டது கரிச்சான்தான்.

இப்போது அந்தக் கரிச்சானுக்கு என்ன எழுதுவது? ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ‘எங்கள் தெய்வம்’ என்று சேர்க்கலாமாம். ‘மறைந்தும் மறையாதவள்’ என்று சேர்க்கலாமாம். மேலே ஓர் எழுத்தைத் தொட்டாலும் கையை முறித்துவிடுவேன் என்றேன். அது அவர் எழுதியது.

ஆனால் கீழே ‘நலம்’ என்பது பொய். ‘மரணம்’ என்று மாற்றினால் அது அதைவிடப் பொய். எங்கள் ஆட்டத்தில் செத்தவர் சற்று நேரத்தில் குளக்கரையில் பாதிப் பலத்தோடு எழுந்துவிடுவார். அக்கா அப்படி எழுந்து நிற்பதை எங்களில் யார் பார்ப்பது? புதிதாக ஒரு நிலைதான் வேண்டும். “சும்மா பேர் மட்டும் போட்டா ஆவாதுண்ணா. நிலைன்னா ஆட்டத்துல ஏதாவது நடக்கணும்” என்றான் பாபு. சோம்பேறிப் பயல், சரியாகச் சொன்னான். இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

நேற்று ஆட்டத்துக்கு யாரோ புதியவர் வந்தார். எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ தெரியாது. வந்த வேகத்தில் தனியாகவே மலையேறினார். உச்சி வாசலில் நாங்கள் நிறுத்தியிருந்த கரிச்சானைப் பார்த்தார். கம்பிக் கால், மெதுவான நடை என்று அக்கா எழுதிய வரி வந்தது. பிறகு கோடு. அதன் கீழே:

நிலை: துணை. இவர் நிற்கும்வரை இந்த மலையில் ஏறும் எவருக்கும் களைப்பு இல்லை.

“அதான் எனக்கு மூச்சே வாங்கலையா! இவங்க இப்ப ஆன்லைன்ல இருக்காங்களா?” என்று கேட்டார் புதியவர்.

“இல்லீங்க. ஆனா வேலை பாத்துக்கினுதான் இருக்காங்க” என்று தட்டினேன்.

போய் வாருங்கள், அக்கா.