நான் வாங்கிய துறை ராடு

எட்டு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அரபிக்கடலைப் பார்த்துக் கைகூப்பி நின்றேன். பக்தி எல்லாம் இல்லை. ஒரே ஒரு மீன் கொடு தாயே, உள்ளங்கை அளவு இருந்தாலும் போதும் என்று கெஞ்சினேன்.

எதற்கு இந்தப் பிச்சை? சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற பாவத்தைச் செய்பவர்களுக்கு நினைவிருக்கும். மலையடிவாரத்து வித்துரா சந்தைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் நான் பழங்காலத் தூண்டில் ஒன்று வாங்கிய கதையை இரண்டு மாதம் முன்பு எழுதியிருந்தேன். மூங்கிலைப் பட்டை பட்டையாகச் சீவி ஒட்டிய ராடு. கார்க் கைப்பிடி. உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை ரீல். சுற்றினால் 'கிர்ர்ர்...' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன்.

கடைக்காரர் போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தமிழர். "சாரே, இது தொரை ராடாக்கும். ஒரிஜினல்" என்றார்.

துறை ராடு! துறைமுகத்திலும் கடல்பாலத்திலும் நின்று மீன் பிடிப்பதற்கென்றே செய்த ராடு. அப்படித்தான் எழுதினேன். 'துறை' என்ற சொல் எவ்வளவு அழகு என்று ஒரு பாரா வேறு. நான் யார்? ஊரில் எந்தத் தமிழ்க் கடைப் பலகையில் சின்ன 'ர'வும் பெரிய 'ற'வும் இடம் மாறியிருந்தாலும், இதே பத்தியில் எழுதி அவர்கள் மானத்தை வாங்குகிறவன் ஆயிற்றே?

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடல்பாலம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பாலம் அது. நடந்து நடந்து அலைகளுக்கு மேலேயே போய்விடலாம். என் ராடை எல்லோரும் பார்த்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள். செல்பி எடுத்தார்கள். மீன்கள் மட்டும்தான் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் கவனிப்பில் குறை வைத்தேனா? ஒவ்வொரு வாரமும் ரீலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன். இந்த மலையாள ஊரில் தலை முதல் தாளிப்பு வரை அதுதானே... ரீலுக்கு மட்டும் ஆகாமல் போகுமா என்ற நினைப்பு. எவ்வளவு வீசி எறிந்தாலும் தூண்டில் பத்தடி தாண்டவில்லை. காற்று சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். எட்டு வாரமாக, எல்லாத் திசையிலிருந்தும், காற்று சரியில்லை.

நடைப்பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் நின்று, "வல்லதும் கிட்டியோ சாரே?" என்பார்கள். ஏதாவது கிடைத்ததா என்று எத்தனை அக்கறை. கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகு முகத்தில் எத்தனை திருப்தி.

எட்டாவது ஞாயிறு மதியம் என் மனைவி தீர்ப்பு சொன்னாள். பிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் என் இரைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க இதுவரை கடல்ல போட்ட எறாலைக் கொழம்பு வச்சிருந்தா, நாலு நாளு சாப்பிட்டிருக்கலாம்" என்றாள். "வாற ஞாயித்துக்கெழமை இந்த ராடுல ஒரு மீனாவது வரணும். வரல்லைன்னா ராடு பரணுக்கு. நீங்க என்கூட மார்க்கெட்டுக்கு. கேட்டேளா?"

கேட்டேன்.

கேலியெல்லாம் இருக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கைவிட எனக்கு மனசே இல்லை. வாரம் முழுக்க யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாலத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை, அந்த 'கிட்டியோ'வைத் தவிர. முகத்தில் உப்புக் காற்று, விரலுக்கடியில் கிர்ர்ர்... மீன் வராவிட்டாலும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இதை வீட்டில் சொல்ல முடியுமா? எந்த டாக்டரிடம் காட்டுவது என்று யோசிப்பாள்.

ஆக, கடைசி ஞாயிறு. கைகூப்பியாயிற்று. தூண்டிலையும் போட்டாயிற்று.

எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வந்து நின்றார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் முருகேசன், தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர், ஞாயிறு அவருக்கு லீவு. இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் தெரிந்தது அவர் கையிலிருந்த உபகரணம்தான். காலி தண்ணீர் பாட்டில். அதைச் சுற்றி நைலான் நரம்பு. அவ்வளவுதான். ராடு கிடையாது, ரீல் கிடையாது, கார்க் கைப்பிடி கிடையாது. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு வீசு வீசினார். முப்பது அடி போயிற்று. காற்று அவருக்கு மட்டும் சரியாக இருந்தது போல.

அரை மணி நேரத்தில் நாலு மீன். எனக்கு வயிறு எரிந்தது.

ஐந்தாவதைக் கழற்றிக்கொண்டே என் ராடைப் பார்த்தார். "சாரே, இந்தத் தொரை ராடு எவிடேந்து கெடச்சது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கண்டுபிடிச்சிட்டீங்களே. துறைக்குன்னே செஞ்ச ராடு. கடல்ல பிடிக்கறதுக்கு."

முருகேசன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கடல்லயா? இல்ல சாரே. தொரை... பங்களா தொரை. எஸ்டேட்டு மேனேஜர். வெள்ளைக்காரன் போனப்புறமும் எங்க போனக்காட்டுல மேனேஜர்னா தொரைதான். மலை ஆத்துல இத்துனூண்டு மீன் பிடிக்கறதுக்கு உள்ளதாக்கும் இது."

இரண்டு விரலுக்கு நடுவே அந்த இத்துனூண்டைக் காட்டினார்.

துறை அல்ல. துரை. சின்ன 'ர'. எட்டு வாரமாக, ஓடைத் தண்ணீரில் விளையாடுகிற ராடை வைத்துக்கொண்டு நான் அரபிக்கடலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதையும் அச்சில் போட்டிருக்கிறேன். பெரிய 'ற' போட்டு.

காது வரை சூடேறிக்கொண்டிருந்த அதே நொடியில் ராடு வளைந்தது. மூங்கில் கடலைத் தொடுகிற மாதிரி வளைந்தது. ரீலைச் சுற்றினேன். சுற்றவில்லை. எட்டு வாரத் தேங்காய் எண்ணெயும் உப்பும் மணலும் சேர்ந்து உள்ளே கெட்டிப்பட்டிருந்தது. கிர்ர் இல்லை, ஒரு சின்ன கிர் கூட இல்லை. நான் ராடைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தமிழிலும் மலையாளத்திலுமாக என்னவோ கத்தினேன்.

முருகேசன் பாட்டிலைக் கீழே வைத்தார். என் நரம்பை வெறுங்கையால் பிடித்தார். பரோட்டா மாவு வீசி வீசிப் பழகிய கை அது. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு... பாலத்தின் மேல் ஒரு பாரை மீன் வந்து விழுந்தது. என் முழங்கை நீளம்.

"சாரோட ராடுல வந்ததாக்கும். எடுத்துக்கங்க" என்றார்.

பாதியாவது எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுத்துவிட்டார். கொஞ்சம் தயங்கி, "அந்த ரீலை ஒரு தடவை சுத்திப் பாக்கட்டா?" என்றார். அவருடைய அப்பா எஸ்டேட் பங்களாவில் இதுபோல ஒரு ராடைத் துடைத்து வைப்பாராம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டார்களாம்.

நான் குடிக்கக் கொண்டுவந்திருந்த தண்ணீர் முழுவதையும் ரீலில் ஊற்றி, சட்டை நுனியால் துடைத்து, மெல்ல மெல்ல அசைத்து அவரே சரி செய்தார். சுற்றினார். கிர்ர்ர்... மறுபடி சுற்றினார். கடலைப் பார்த்தபடி வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தார். எட்டு வாரமாக அந்த ரீலோடு இருந்த நான், அதை அப்படி ஒருநாள்கூடச் சுற்றியதில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் உண்மையைச் சொன்னேன். ரீல் விடவில்லை. மீனைப் பிடித்தது ஒரு பரோட்டா மாஸ்டர், ராடு துறையல்ல துரை என்று எல்லாம் சொன்னேன்.

மனைவி மீனைக் கழுவுவதை நிறுத்தினாள். "அப்போ அழகுன்னு ஒரு பாரா எழுதினேளே, அது?"

"அது... தப்பு."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. குழம்பு கொதிக்கும்போது சிரித்தாள். பரிமாறும்போது சிரித்தாள். ராடைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரணா, பாலமா? கேட்க எனக்குத் தைரியமில்லை. வாரம் முழுக்க அது கதவு மூலையிலேயே சாய்ந்து நின்றது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எழுந்து வந்தால், ராடு துடைத்து வாசலில் இருக்கிறது. பக்கத்தில் நைலான் நரம்பு சுற்றிய ஒரு காலித் தண்ணீர் பாட்டில். மனைவி பிரிட்ஜிலிருந்து இறால் பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"இது தொரைக்கு" என்றாள்.

சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா என்று நான் கேட்கவில்லை.