மேல் பங்களாவில் நாலு பேர் வைத்த ஒப்பாரி

இந்த இணையப் பக்கம் என் பேத்தி கவிதாவுடையது. இந்த ஒரு கட்டுரை மட்டும் என்னுடையது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் போய் வந்த இடத்தைச் சொல்ல எனக்கு அதுவே போதும். போன மாசம் கவிதா நுவரெலியாப் பக்கம் ஒரு பழைய பங்களாவின் படத்தைப் போட்டிருந்தாள். இப்போது அது தங்கும் விடுதி. "அங்கே போகலாமா, ராத்திரி பயமாக இருக்குமா" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அவளுடைய அம்மா பிறக்கும் முன்னாலேயே நான் அங்கே போனவள், அதனால் பதில் நான் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம், ஆடி மாச மழை. எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, மஸ்கெலியாவுக்கு மேலே. என் அக்கா லெச்சுமி அந்தப் பங்களாவில் ஆயா வேலையில் இருந்தாள். ஒரு லொறிக்காரர் வந்து, "லெச்சுமிக்குக் கடும் காய்ச்சலாம், ஆள் எழும்பலையாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவால் நடக்க முடியாது. அதனால் நானும் என் அத்தை மாரியாயியும் கிளம்பினோம். எங்கள் தோட்டத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அத்தையைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஒப்பாரிக்கு அவள் பாட்டெடுத்தால் அழாதவர்களும் அழுவார்கள். அவளை அம்மா துணைக்கு அனுப்பியது எனக்குப் பிடிக்கவே இல்லை. என்ன அர்த்தத்தில் அனுப்புகிறாள் என்று யோசித்துக்கொண்டே கிளம்பினேன்.

விடிகாலை பஸ்ஸில் ஹட்டன், அங்கே காத்துக் கிடந்து மத்தியான ரயிலில் நானுஓயா. ரயில் ஒன்றரை மணி நேரம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். வழியெல்லாம் மூடுபனி, கண்ணாடியில் எங்கள் முகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா டவுனுக்கு அஞ்சு மைல், பஸ் உண்டு. அப்போது என்ன காசு கொடுத்தோம் என்று மறந்துவிட்டது, கேட்காதீர்கள்.

டவுனில் ஒரு முஸ்லிம் நானா கடையில் பிளேன் டீ குடித்தோம். பங்களா பெயரைச் சொன்னதும் கடைக்காரர் சீனிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சாயங்காலமா போறீங்க? நாளைக்குக் காலையில போங்க தங்கச்சி. இந்த ஆடி மழையில அங்க ஆள் அழுவுற சத்தம் கேக்கும். சமையல்கார அப்பு ஒருத்தன் சட்டியக்கூட கழுவாம ஓடி வந்துட்டான்."

"அழுறதுக்கு ஆள் இருக்குற வீடா? அப்ப நல்ல வீடுதான் நானா. எங்க வீட்ல நான் செத்தா அழ ஒரு நாதி இல்ல" என்றாள் அத்தை.

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"பேயே என்னயக் கண்டா பாட்டுச் சொல்லிக் குடுன்னு கேக்கும்."

அவர் சிரித்துவிட்டு, தேயிலை ஃபெக்டரி வரைக்கும் போகிற லொறி ஒன்றில் எங்களை ஏற்றிவிட்டார். அதற்கு மேல் ரெண்டு மைல் நடை. ரெண்டு பக்கமும் சைப்ரஸ் மரம், அதன் நுனி பனிக்குள் போய்விட்டது. எதிரில் ஒரு ஆள் வரவில்லை. பங்களாவை நெருங்கியும் நாய் குரைக்கவில்லை. குசினிப் புகைபோக்கியில் புகை இல்லை. இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அந்த நேரத்தில்தான் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு குரல், அடித்தொண்டையில் இழுக்கிற மாதிரி. அது முடிவதற்குள் மேலே இன்னொரு குரல் அதை வாங்கிக்கொண்டது. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. அத்தை என் கையைப் பிடித்தாள்.

"நாலு பேருடி. ஒருத்தி எடுக்குறா, மத்தவ வாங்குறா."

"வார்த்தையே இல்லையே அத்தே?"

"வார்த்தை வராத அழுகைடி இது."

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. ஒப்பாரி கேட்கிற வீட்டு வாசலில் நின்று யார் செத்தது என்று கேட்கக் கூடாது. முடியை அவிழ்த்துவிட்டு, பாட்டெடுத்துக்கொண்டேதான் உள்ளே போக வேண்டும். அத்தை கொண்டையை அவிழ்த்தாள். நானும் அவிழ்த்தேன்.

"குளிருக்கு ஒதுங்க வந்த குருவியே லெச்சுமி, கூட்டக் கலைச்சுப்புட்டு எங்கடி போன..." என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அத்தை விறாந்தைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒரே ஒரு விளக்கு. மூன்று வெள்ளைக்காரத் துரைமாரும் ஒரு துரைசானியும் வட்டமாக, ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், நம் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்வது போலவே. கழுத்தில் சாய்த்த பிடில்கள், கால் நடுவே ஒரு பெரியது. முழங்கை மட்டும் போய்ப் போய் வந்தது. ஒருவர் கண்ணிலும் ஈரமில்லை. முகம் காய்ந்து கிடக்கிறது, மரப்பெட்டி அழுகிறது. நடுவில் பிணமும் இல்லை. வெறும் தரை. அந்த வெறும் தரையைச் சுற்றித்தான் அத்தனை அழுகையும்.

துரைசானி எங்களைப் பார்த்தாள், ஆனால் வில்லை நிறுத்தவில்லை. அத்தையும் நிறுத்தவில்லை. அந்தப் பெரிய பிடில், அத்தை மூச்சு வாங்கும் இடத்தில் காத்திருந்து காத்திருந்து வந்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால், "அத்தே, யாருக்கு அழுவுற?" என்று ஒரு குரல்.

கம்பளி போர்த்திக்கொண்டு அக்கா நின்றாள். காய்ச்சலுக்காக முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கன்னமே இல்லை. அத்தை போட்ட கூச்சலில் நாலு பிடிலும் நின்றது.

"ஏ மூதேவி! உசுரோடயா இருக்க?"

"காய்ச்சல் விட்டு ரெண்டு நாளாச்சு. உன் சத்தத்துக்குத்தான் எந்திரிச்சு வந்தேன். நான் செத்தாலும் எழுப்பிடுவ போல."

நான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அத்தை மட்டும் கிட்டே வரவில்லை, முகம் வெளிறிப்போனது. உயிரோடு இருப்பவளின் பேரைச் சொல்லி ஒப்பாரி எடுத்துவிட்டாள். எடுத்த பாட்டைப் பாதியில் விட்டால் அது அந்தப் பேரிலேயே நின்று ஆளைக் கொண்டுபோய்விடும் என்பது அவள் நம்பிக்கை.

"இவங்க யாருக்கு அழுறாங்க? கேளுடி" என்றாள்.

அக்கா சிங்களமும் இங்கிலீசும் கலந்து கேட்டுச் சொன்னாள். துரைசானியின் தம்பி யுத்தத்தில் செத்துப்போனவராம், பேர் வில்லியம். உடம்பு வீடு வந்து சேரவில்லை. வருசா வருசம் அவர் நினைவு நாளில் நாலு பேரும் கூடி இதை வாசிப்பார்களாம். வேலையாட்களைக் கீழே அனுப்பிவிட்டு, ஊளையிடும் என்று நாய்களையும் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்களாம். பாட்டு அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதியது. பழங்காலத்துப் பாட்டு இல்லை, அவர்கள் காலத்துப் பாட்டு.

அத்தை தரையில் உட்கார்ந்தாள், பிணம் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில். "திரும்ப வாசிக்கச் சொல்லு. இதைத் தம்பி பேருக்கு மாத்தாம நான் எந்திரிக்க மாட்டேன்."

அக்கா அதை இங்கிலீசில் சொன்னாள். துரைசானி வில்லை எடுத்தாள். "வில்லியம் தம்பி, கடலுக்கு அந்தாண்ட கெடந்தவரே" என்று அத்தை ஆரம்பித்தாள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனால் யார் எடுப்பது, யார் வாங்குவது என்பதில் ஒரு இடம்கூடத் தட்டவில்லை. கடைசியில் பிடில்கள் ஒன்றொன்றாக அடங்கின. நாலு பேரும் வில்லை மடியில் வைத்துவிட்டார்கள். அத்தை மட்டும் ஒரே குரலை நீளமாக இழுத்து, விட்டாள்.

அவள் விட்ட பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. யாரும் தொடாத பெரிய பிடில் தானாக முனகியது. துரைசானி வெறும் தரையையே பார்த்தாள். குரலுக்குக் கம்பி அதிரும் என்று ஒரு துரை மெதுவாகச் சொன்னதாக அக்கா சொன்னாள். இருக்கலாம். கவிதாவும் அதைத்தான் சொல்கிறாள். அந்த முனகல் அடங்கும்வரை அங்கே ஒருவரும் மூச்சு விடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"போயிருச்சு" என்று சொல்லிவிட்டு அத்தை கொண்டை போட்டாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆடியில் போனால் மழைத்துணி, நல்ல கம்பளி ரெண்டும் வேண்டும். ஃபெக்டரிக்கு மேலே இப்போதும் பாதை மோசம், மூன்று மணிக்கு முன்னால் ஏறிவிடுங்கள். போனில் அந்த மாதிரி இங்கிலீஸ்காரர் வாசிப்பு ஏதாவது எடுத்துப் போங்கள், விறாந்தையில் வைத்துக் கேளுங்கள். ராகம் எங்கே என்று தேடாதீர்கள். யார் எடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று பாருங்கள். நடுக்குரல் பிடில் ஒன்று உண்டு, கவிதா அதை வியோலா என்கிறாள். அதை யாரும் கவனிப்பதில்லை. உண்மையில் அழுவது அதுதான்.

அக்கா போன தை மாசம்வரை இருந்தாள். "எனக்கு வச்ச ஒப்பாரிய அத்தை வெள்ளக்காரனுக்குக் குடுத்துட்டா, எனக்கு ஒண்ணு பாக்கி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் போனபோது அத்தையும் இல்லை, பாட்டெடுக்க ஆளும் இல்லை, எனக்கோ ஒப்பாரி வராது. கவிதாதான் போனில் தேடி அந்த மாதிரி நாலு பேர் வாசிப்பைப் போட்டாள். நாங்கள் முடியை அவிழ்த்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம்.

இந்த முறை நடுவில் ஆள் இருந்தாள்.