வலது கையில் பறந்த கழுகு

எழுபத்துநாலோ எழுபத்தைந்தோ, சரியாக நினைவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தேன். என் கைவேலையில் குற்றம் சொல்ல ஆள் பிறக்கவில்லை என்ற நினைப்பு அப்போது எனக்கு உண்டு.

எங்கள் தெருவில் விமானப்படை மெக்கானிக் ஒருவர் குடியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஒருநாள் பழைய துணி பேட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் முன்பு வேலை பார்த்த போர் விமான ஸ்குவாட்ரனின் சின்னம் அது. பறக்கும் கழுகு, கீழே ஆங்கிலத்தில் பெயர். விமானங்கள் பழசாகிவிட்டதால் அந்த ஸ்குவாட்ரனையே கலைத்து, ஆட்களை ஊர் ஊராக மாற்றிவிட்டார்களாம். கூட இருந்த ஒருவருக்குத் திருநீர்மலையில் கல்யாணம், அதற்குப் பழைய நண்பர்கள் ஆறு பேர் சேருகிறார்கள்.

"ஆறு பேர் சட்டையிலயும் இது இருக்கணும் டீச்சர். புச்சா எங்கயும் கெடைக்காது. இன்னொரு தபா ஒண்ணா சேருவோமான்னும் தெரியாது" என்றார்.

பேட்ஜின் முன்பக்கம் வெயிலில் வெளுத்து, எது எந்த நிறம் என்றே தெரியவில்லை. இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா? திருப்பிப் போட்டேன். பின்பக்க நூல் புதுசு போலவே இருந்தது. அதைப் பார்த்தே படம் வரைந்து, மூன்று வாரம் மாலை மாலையாக உட்கார்ந்து ஆறையும் தைத்தேன். பின்பக்கத்தில் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. அவற்றை மட்டும் சரியாக எழுதிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தார். ஒன்றை எடுத்துத் தம் இடது கையில் தோளுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். அங்கேதான் அதைத் தைத்துக்கொள்வார்களாம். முகம் மாறிவிட்டது.

"இன்னா டீச்சர், பட்சி பின்னால பாத்துகினு கீது? சண்டைக்குப் பயந்து ஓடுற மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. மாதிரியில் இருந்தபடிதானே தைத்தேன் என்று வீம்பாகச் சொல்லி, அதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டு கழுகுகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. எழுத்தைத் திருப்பத் தெரிந்த எனக்குக் கழுகைத் திருப்பத் தோன்றவில்லை! வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. பிரித்துத் தைக்கிறேன் என்று கத்தரியை எடுத்தேன். விடிவதற்குள் ஒன்றைக்கூட முடிக்க முடியாது என்பது எனக்கே தெரியும்.

அவர் கத்தரியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"எங்களத்தான் ஆளுக்கொரு மூலையா பிரிச்சுட்டாங்க. இத்தயும் பிரிக்கணுமா? வுடுங்க டீச்சர்."

பேட்ஜ்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போகாமல் பஸ் பிடித்துத் திருநீர்மலை போனேன். மண்டப வாசலில் ஆறு பேரும் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார்கள். கழுகு எல்லார் சட்டையிலும் இருந்தது, வலது கையில். அங்கே அது ஒழுங்காக முன்னால் பார்த்துப் பறந்தது. இவ்வளவு சுலபமான யோசனை ராத்திரி முழுக்க விழித்திருந்தும் எனக்கு வரவில்லை.

வெளியூரிலிருந்து வந்த ஒருவர், "ஏன்டா, எப்பவும் லெஃப்ட்லதானே போடுவோம்?" என்று கேட்டார்.

எங்கள் தெருக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். ஆனாலும் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை.

"அது ஸ்குவாட்ரன் இருந்தப்போ மச்சான். கலைச்சிட்டா ரைட்லதான். ரூல் தெரியாதா?"

கேட்டவர் நம்பித் தலையாட்டினார். பிறகு எங்கள் தெருக்காரர், "இவங்கதான் தெச்ச டீச்சர்" என்று என்னைக் காட்ட, ஆறு பேரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

யாராவது தப்புச் செய்தால் பட்டென்று சுட்டிக்காட்ட எனக்கு இன்றும் வருகிறது. அவரைப் போல நாலு பேர் எதிரில் அதை மூடிச் செய்தவரைக் காப்பாற்றத்தான் இத்தனை வயதிலும் பழகிக்கொண்டிருக்கிறேன்.