ஒன்பது பேரில் ஒருத்தி

பரிமளாவின் புருஷன் அருள்தாஸ் செத்துப்போனது தொண்ணூற்றெட்டு ஐப்பசியில். லாரியில் லோடுமேனாக விஜயவாடா வரைக்கும் போய்வந்தவன். எச்.ஐ.வி. என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், உத்திரமேரூரை ஒட்டிய அந்தக் காலனி முழுக்க ஒரே பேச்சு: லாரி கொண்டாந்த வியாதி. பரிமளாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருந்தது. அதோடு நடவுக்குக் கூப்பிடுவது நின்றது. மாமியார் செல்லாயி அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் தண்ணீர்க் குடத்தைத் தனியாக வைத்துக்கொண்டாள்.

பரிமளாவும் லாரியைத்தான் நம்பினாள். எங்கோ ஒரு ரோட்டோரம், முகம் தெரியாத யாரோ. அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஆறு வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து ஆராய்ச்சிக் குழு ஒன்று வந்து, சுற்றுப்பட்டு ஊர்களில் இந்த வியாதி இருந்த நாற்பது பேரிடம் ரத்தம் எடுத்துப்போனது. மறு வருஷம் ஆஸ்பத்திரி ஆலோசகர் மேரி எல்லோரையும் உட்காரவைத்து விவரம் சொன்னார்.

"இந்தக் கிருமி பெருகும்போது கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே இருக்கும். ஒருத்தர்கிட்ட இருக்கிறது அச்சா அப்படியே இன்னொருத்தர்கிட்ட இருக்காது. ஆனா சமீபத்துல பரவியிருந்தா ஜாடை தெரியும். நம்ம பக்கம் 'சி'ங்கிற வகைதான் அதிகம், அதுக்குள்ளயே நிறைய கிளை. இங்க ஒன்பது பேர்கிட்ட இருக்கிறது ஒரே கிளை. எப்பவோ வெளியிலிருந்து வந்து, அப்புறம் இங்கேயே சுத்தியிருக்கு."

பேர் யாருடையதும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்ததும் பரிமளா தனியாகப் போய்க் கேட்டாள்: "என்து அதுல இருக்குதா மேடம்?"

மேரி பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். "இருக்கு."

"அப்ப லாரி இல்லியா?"

"யார்கிட்டயிருந்து யாருக்குன்னு இது சொல்லாதும்மா. உன் வீட்டுக்காரர் ரத்தம் நம்மகிட்ட இல்லவே இல்லியே."

அன்றையிலிருந்து பரிமளாவுக்கு முகங்கள் வேறாகத் தெரிந்தன. இன்னும் எட்டுப் பேர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன், சர்ச்சில் முன்வரிசையில் முட்டி போட்டவள், டீக்கடையில் சிரித்தவன். யாரைப் பார்த்தாலும் தன் ரத்தத்தின் ஜாடையைத் தேடினாள். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. லாரிக்குப் போவதற்கு முன்னாலேயே, ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிய காலத்தில், அருள்தாசுக்கு முதுகில் அக்கி கண்டது. காவி குழைத்து எழுதியும் ஒரு மாசம் ஆறவில்லை. அக்கியும் இந்த வியாதிக்கு ஓர் அடையாளம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில்தான் அம்முலுவைப் பார்த்தாள். அதே ரைஸ்மில் களத்தில் நெல் காயவைத்தவள். சின்ன வயசிலேயே தாலியறுத்தவள். பரிமளாவைக் கண்டதும் எழுந்து ஓரமாக நின்றாள். பஸ்ஸில் வரும்போது தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அவரு எங்க வூட்டுக்கு வந்துக்கினு இருந்தாரு. மில்லுல இருந்தப்போ."

பரிமளா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். செங்கல்பட்டு தாண்டியதும் கேட்டாள்: "அவருக்கு முன்னால?"

"மில்லுக்காரரு. வேணாம்னு சொல்ல முடியுமா? யாருகிட்டயிருந்து வந்துச்சின்னு எனக்கே தெரியல."

அந்த மில்லுக்காரர் எப்போதோ செத்து, ஊரில் கல்யாண மண்டபத்துக்கு அவர் பேர் வைத்திருந்தார்கள். இருதயக் கோளாறு என்று சாவுப் போஸ்டரில் போட்டிருந்தது.

அம்முலுவைத் திட்ட வேண்டும் என்று பரிமளாவுக்குத் தோன்றியது, திட்டவில்லை. அடுத்த மாசமும் ஒரே பஸ்ஸில் போனார்கள், வேறு வேறு சீட்டில். மூன்றாவது மாசம் அம்முலு வரவில்லை. காசநோய் முற்றிப்போயிருந்தது. தேடிக்கொண்டு போன பரிமளா, அவள் சாகிறவரை பத்து நாள் கஞ்சி ஊட்டினாள். கடைசிவரை இருவரும் அருள்தாஸ் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது பரிமளா ஆஸ்பத்திரியில் புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக இருக்கிறாள். மாத்திரை எப்போது போடணும், யாரிடம் காட்டணும், எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். எந்த ஊர் என்று மட்டும் யாரையும் கேட்பதில்லை, கேட்டால் மறுபடி ஜாடை தேடத் தோன்றும். அவர்களே சொல்ல ஆரம்பித்தால், மருந்துச் சீட்டைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வாள்.