அறுபது எண்ணும் வரை

பைக்கின் பிரேக் பெடலின்மேல் உள்ளங்கையை வைத்து, தோளின் முழு எடையையும் அதில் இறக்கி, முரளிதரன் அறுபது வரை எண்ணுகிறான். எண்ணுவது கன்னடத்தில், படித்த பள்ளி அப்படி. திட்டுவது மட்டும் தமிழில். எண்ணி முடிப்பதற்குள் பெடல் நூலளவு கீழே போனாலும், அந்த வண்டி அன்றைக்குக் கடையை விட்டுப் போகாது.

என் தம்பி அவன். வயது முப்பத்தொன்று. ஹெப்பாளில் கம்பெனி பஸ்கள் திரும்புகிற முனையில் அவனுடைய மெக்கானிக் கடை. அதை ஒட்டி என் தையல் கடை. நடுவில் ஒரு தகரம்தான், அங்கே பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கும். ஸ்பேனர்களை அளவு வரிசையில்தான் மாட்டுவான். பிரேக் வேலைக்கென்று தனியாக வெள்ளைத் துணி வைத்திருக்கிறான். அதில் வேறு எண்ணெய் பட்டால் அன்றே தூக்கிப் போட்டுவிடுவான். பிரேக் தொய்ந்தால், குழாயில் காற்று புகுந்துவிட்டது என்று காரணம் தேடாமல் சொல்லி, அதை எடுத்துவிட்டு அனுப்புகிற கடைகளைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "காத்தே இல்லாத எடத்துல எத்தன தடவதான் காத்து எடுப்பானுங்க?" என்பான்.

இப்படிப்பட்டவனைத்தான் 'பிரேக்கைக் கெடுத்துவிட்டான், திமிர் பிடித்தவன்' என்று ஒற்றை ஸ்டார் போட்டு இணையத்தில் எழுதினார் ஸ்ரீகுமார். பக்கத்துத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முரளி சர்வீஸ் செய்து கொடுத்த வண்டியில், தசரா முடிந்ததும் பின் பிரேக் பிடிக்காமல் போயிற்றாம். வேறு இரண்டு கடைகளுக்குப் போயிருக்கிறார். ஒருவர் காற்றெடுத்தார், இன்னொருவர் பிரேக் பேடு மாற்றினார். இரண்டே நாளில் பெடல் மறுபடி இறங்கிவிட்டது. போன சனிக்கிழமை காலை இங்கே வந்து, பத்துப் பேர் பார்க்க, "நீ கை வெச்ச வண்டி முரளி, நீயே பாரு" என்றார். மறுநாள் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு குண்டலுபேட்டை போக வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனோ பின் பிரேக் ஆயில் நிற்கிற சின்ன டப்பாவின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கினான். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். இந்த வண்டியிலிருந்து எடுத்து விட்ட சொட்டு கலக்கவில்லை. வட்டமாக மேலே மிதந்தது.

"இது இன்ஜின் ஆயில் சார். யாரு ஊத்துனது?"

ஸ்ரீகுமார் முதலில் அந்த இரண்டு கடைக்காரர்களையும் கைகாட்டினார். முரளி டம்ளரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. வண்டியைக் கழுவி, பெட்ரோலை விளிம்பு வரை நிரப்பியவர், இந்த டப்பாவில் மட்டும் அளவு கோட்டுக்குக் கீழே இருப்பதைப் பார்த்திருக்கிறார்.

"கொறையோட பூஜ போடக்கூடாதில்ல? கேன்ல மிச்சம் இருந்துச்சு, ஊத்திட்டேன்."

ஊற்றியது அவர், கெட்டது என் தம்பியின் பெயர். மூடியைத் திறந்த மற்ற இருவருக்கும் மூக்கு எங்கே போயிற்று என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

முரளி பின் பிரேக்கைப் பிரித்துக் காட்டினான். உள்ளே அழுத்தத்தைத் தாங்க வேண்டிய ரப்பர், ஊறவைத்த கடலைபோல உப்பிக் கிடந்தது. ஆயில் ரப்பரைத் தாண்டிப் பின்னால் நழுவுகிறது, அதனால்தான் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமலே பெடல் இறங்குகிறது என்றான். ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வெளியூரிலிருந்து திங்கட்கிழமைதான் வரும்.

ஸ்ரீகுமார் கழுவி மாட்டிக் கொடுத்தால் போதும் என்றார். "முன் பிரேக் இருக்கே, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

"நீங்க அட்ஜஸ்ட் பண்ணுவீங்க சார். எதிர்ல வர்ற லாரிக்காரன் பண்ணமாட்டான்."

அப்போது அந்த மனிதர் போனை எடுத்தார். எழுதியதை இந்த நிமிஷமே அழித்துவிடுகிறேன், அஞ்சு ஸ்டார் போடுகிறேன், வண்டியை மட்டும் சாயங்காலத்துக்குள் கொடு என்றார். விரல் திரைமேல் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஒற்றை ஸ்டாருக்குப் பிறகு கடைக்கு வருகிற வண்டிகள் பாதியாகிவிட்டது அவருக்கும் தெரியும்.

முரளி ஸ்பேனரை எடுத்தான். பின்சக்கரத்தின் நட்டைக் கழற்றி, அச்சை உருவி, சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்க் கடையின் உள்சுவரில் சாய்த்து வைத்தான்.