செலீனாவின் திரையும் மண்டோர் செல்லனின் பெருவிரலும்

செலீனா பிடிவாதக்காரி. மலேசியாவின் அசாம் ஜாவா பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செம்பனைப் பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஆலையின் அலுவலகத்தில் வேலை. எந்தத் தோட்டத்தில் எவ்வளவு குலை வெட்டிக் கிடக்கிறது, லோரி எங்கே போகவேண்டும் என்பதை ஒரே பார்வையில் காட்டும் டேஷ்போர்டுத் திரையை அவளேதான் செய்தாள். அதற்கு முன் காலையெல்லாம் போனில், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை வறண்டவள். அந்தக் கத்தலுக்குத் திரும்பிப் போக அவளுக்குத் துளியும் மனமில்லை.

மேனேஜர் கணேஸ்வரன் ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "மண்டோருங்க யாரும் உன் ஸ்கிரீனைப் பாக்கிறதில்ல. திறக்கவே மாட்டேங்குதாம். மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா பழையபடி போன்தான்லா."

அவளுக்குச் சுருக்கென்றது. தான் திறந்தால் நன்றாகத்தானே திறக்கிறது! காலைத் தேநீர் குடித்துவிட்டுச் சாவகாசமாகச் சோதித்துப் பார்ப்பது அவள் வழக்கம். கோபத்தோடே மறுநாள் விடியற்காலை தோட்டத்துப் பெரட்டுக்குப் போய் நின்றாள்.

ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த நேரத்தில்தான் எல்லாத் தோட்டத்து மண்டோர்களும், எந்தப் பக்கம் ஆளனுப்புவது என்று பார்க்க, அவரவர் இடத்திலிருந்து ஒரே சமயத்தில் திரையைத் திறந்தார்கள். வரவில்லை என்றதும் மூத்த மண்டோர் செல்லன் கைப்பேசியைப் பெருவிரலால் குத்து குத்தென்று குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் ஆலை அலுவலகத்துப் பாவப்பட்ட கணினி, வெட்டியதில் கழித்து மிச்சம் காட்டுவதற்காக, ஆலை திறந்த நாளிலிருந்து எடைபோட்ட குலையையெல்லாம் முதலிலிருந்து கூட்டியது. பந்திக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உலை வைத்தால் யார் சாப்பிட்டு எழுந்திருப்பது? கோபம் அவள் மேலேயே திரும்பியது.

பழைய கணக்கையெல்லாம் விடியுமுன்பே கூட்டி எடுத்துவைக்கும்படி மாற்றினாள். திறக்கும்போது அன்றைய எடையை மட்டும் சேர்த்தால் போதும். திரை தொட்டதும் வந்து நின்றது.

அதிலும் வந்தது வினை. செல்லன் போன் செய்தார். "என்னம்மா, தொட்டவுடனே வந்துருச்சி? இது நேத்துக் கணக்குலா. கூட்டுறதுக்கு நேரம் வேணாமா? நீ வாயால சொல்லு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. கடைசியாக எடைபோட்ட லோரியின் நம்பரையும் நேரத்தையும் திரையின் உச்சியில் கொட்டை எழுத்தில் போட்டாள். தன் கண்முன்னே கிளம்பிப்போன லோரி சற்று நேரத்தில் அங்கே ஏறுவதைச் செல்லன் நாள்தோறும் பார்த்தார். ஆனாலும் காலைதோறும் போன் போட்டு அவள் வாயால் கேட்பதை விடவில்லை.

மாசக் கடைசியில் ஒரு காலை, போன் அடிக்கவே இல்லை. கணேஸ்வரன் அவள் மேசைக்கு வந்தார். "செல்லன் கூப்பிடலியா? ஸ்கிரீன் மறுபடி படுத்துருச்சா?"

செலீனா போனை எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு அவளே அழைத்தாள். "செல்லண்ணே, குலை எவ்வளவு கிடக்கு?"

"ஏம்மா, வேலை நேரத்துல போன் பண்ணி உயிரை வாங்குறே? அதான் ஸ்கிரீன்ல இருக்கே, பாக்கத் தெரியாதா உனக்கு?"

வைத்துவிட்டார். கணேஸ்வரன் சிரித்துக்கொண்டே தன் அறைக்குப் போனார். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த ஆலையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.